இரண்டு ஓடங்களை ஒரு கயிற்றில் கட்டினோம்

முத்தையா,

செவ்வாய்க்கிழமை வந்த உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டேன். கண்ணாடியை மாற்றச் சொல்லி ஒரு வருஷமாகிறது, மாற்றவில்லை. ஆனாலும் உன் எழுத்தை நான் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடுவேன். தை மாதம் கிள்ளான் கோயிலில் முகூர்த்தம், செமினியிலிருந்து பெண் வீட்டார் லோரி பிடித்து வருகிறார்கள், சாப்பாட்டுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. எல்லாம் சந்தோஷம். கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாய். "தாலி கட்டுவதற்கு முன்னால் உங்களுக்குப் பாத பூஜை செய்யப் போகிறேன். அம்மா இல்லாததால் நீங்கள் ஒருவர்தான். பலகையில் ஏறி நில்லுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிடாதீர்கள்." அந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அந்தப் பலகையில் ஏறி நிற்க முடியாது, தம்பி. என் காலை நீ பால் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஏன் என்று இதில் சொல்கிறேன். படித்து முடித்த பிறகும் நீ அந்தப் பலகையைப் போடுவாயா என்பது உன் விருப்பம்.

நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. முப்பது வருஷம் ரயில் வண்டிகளுக்குக் கொக்கி மாட்டிய கை இது. பேனா அதில் சரியாக உட்காருவதில்லை. நேரில் சொல்லியிருக்கலாம். நீயும் எத்தனையோ தடவை கூப்பிட்டாய், கேரித் தீவுக்கு வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்குத் தனி வீடு கொடுத்திருக்கிறார்கள், மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் வீட்டுக்கு மரியாதையைப் பாருங்கள் என்று. மூட்டுவலி என்றேன். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பாசாருக்கு இன்றைக்கும் நடந்துதான் போய் வருகிறேன். தீவுக்கு வர வேண்டுமென்றால் லாஞ்சில் ஏற வேண்டுமே, அதுதான். இருபத்திரண்டு வருஷமாக நான் தண்ணீரில் கால் வைத்ததில்லை.

உன்னைப் பெற்றவன் ஆறுமுகம் என்பது உனக்குத் தெரியும். அதை நாங்கள் மறைத்ததில்லை. கடலில் மீன் பிடிக்கப் போனோம், காற்று அடித்தது, அவன் ஓடம் கவிழ்ந்தது, கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது, நான் எவ்வளவோ முயன்றும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கும் அதையே சொன்னேன். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதில் காற்று அடித்தது உண்மை, ஓடம் கவிழ்ந்தது உண்மை. மற்றது பொய்.

அவனைப் பற்றி நீ என்னிடம் அதிகம் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு மனசு நோகும் என்று நினைத்து விட்டுவிட்டாய் போலிருக்கிறது. நானும் அதையே சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நல்ல உயரம். இஞ்சினில் ஃபயர்மேன் வேலை, கரியும் வியர்வையுமாகத்தான் இருப்பான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்தால் மாப்பிள்ளை மாதிரி இருப்பான். இடது கைப் பழக்கம். சாப்பிடுவதற்கு மட்டும் வலது கை, மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். உனக்கு ஒரு வயதாகும்போது உன்னைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குப் போகும்போது உன்னைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விடுவான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உன் அம்மா, நான் சொல்வது உன்னை வளர்த்த அம்மாவை, காலை ஐந்து மணிக்கே எழுந்து நீ வருகிறாயா என்று எட்டிப் பார்ப்பாள்.

அப்போது எனக்குப் போர்ட் சுவெட்டன்ஹாமில் வேலை. நான் ரயில் யார்டில் வண்டிகளைச் சேர்த்து மாட்டுகிற ஷண்டர், ஆறுமுகம் ஃபயர்மேன், கனகசபை என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் சரக்குக் கொட்டகையில் கிளார்க். மூன்று பேரும் ஞாயிறு காலையில் மீன் பிடிக்கப் போவோம். பாக் மான் என்ற மலாய்க்காரரிடம் இரண்டு ஓடம் வாடகைக்கு எடுப்போம். அவர்கள் கோலேக் என்பார்கள். ஒடுங்கலாக, தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து கிடக்கும். ஓர் ஆள், மிஞ்சினால் இரண்டு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடலாம். இருமினால்கூட ஆடும். பெரிய படகு போக முடியாத சதுப்பு மர வாய்க்கால்களுக்குள் எல்லாம் அது போகும். வாய்க்கால் முடிந்து கடல் திறக்கிற இடத்தில்தான் கொடுவா கிடைக்கும். நீயும் இப்போது தோட்டத்துச் சிநேகிதர்களோடு அதே மாதிரி ஓடத்தில் தூண்டில் போடப் போவதாக எழுதினாய். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் ஆறுமுகம் ஒரு கொடுவா பிடித்திருந்தான். தோளில் போட்டால் வால் முழங்காலுக்கு வந்தது. வாரம் முழுக்க யார்டில் இதே பேச்சு. எனக்கு எரிச்சல். அவனைவிட வயதில் மூத்தவன், அவனுக்குத் தூண்டில் கட்டக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். இந்த வாரம் நான் பிடித்துக் காட்டுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். ஞாயிறு விடிகிற நேரம் கரைக்குப் போனால் மேற்கே வானம் கறுத்து வளைந்து நிற்கிறது. பாக் மான் அதைக் கையால் காட்டி, "சுமத்ரா. ஜாங்ஙான் பெர்கி" என்றார். சுமத்ரா பக்கமிருந்து வருகிற அந்தக் காற்றை நீயும் தீவில் பார்த்திருப்பாய். போகாதே என்று கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார். ஆறுமுகம் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, அடுத்த வாரம் பாத்துக்கலாமே. முத்தையாவுக்கும் ராத்திரி பூரா சளி" என்றான்.

"ஒரு தூறலுக்குப் பயந்தவன்லாம் எப்படிடா இஞ்சின்ல நிக்கிற? மீனு ஒனக்கு மட்டும்தான் மாட்டுமோ?" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே துடுப்பை எடுத்தான். தம்பி, இதை உனக்கு எழுதும்போதுதான் தெரிகிறது, அவனைக் கொன்றது அந்தப் பேச்சுதான், மற்றதெல்லாம் பிறகு வந்தது. உனக்கும் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரவில்லை என்று சொல்லத் தெரிந்தவனாக இரு. அதைவிட, ஒருவன் அப்படிச் சொன்னால் கேலி செய்யாதே. வாய்க்கொழுப்பில் ஒரு குடும்பமே போய்விடும்.

நானும் கனகசபையும் ஒரு ஓடத்தில், ஆறுமுகம் தனியாக இன்னொன்றில். வாய்க்கால் வாயைத் தாண்டி அரை மணி நேரம் இருக்கும், காற்று வந்துவிட்டது. மழை குத்துகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. அலை ஒன்றின் மேல் ஒன்றாக வருகிறது. ஆறுமுகத்தின் ஓடம் தெரிகிறது, மறைகிறது, வேறு பக்கத்தில் தெரிகிறது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. யார்டில் தனியாக விட்ட வண்டி சரிவில் உருண்டு போய்விடும். கொக்கி மாட்டிவிட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பதினைந்து வருஷம் அந்த வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கயிற்றை வீசினேன். "முன்னால கட்டுடா!" என்று கத்தினேன்.

"என்னண்ணே, கடல்லயும் ஷண்டிங்கா?" என்றான். அந்த மழையிலும் சிரித்தான். நான் சொன்னால் அவன் மறுத்துப் பேச மாட்டான். கட்டினான். அவன் ஓடத்து மூக்கையும் என் ஓடத்து வாலையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது.

பிறகு பாக் மான் என்னிடம் சொன்னார், அவர்கள் ஆட்கள் யாரும் அந்த மாதிரி ஓடங்களைக் கட்டவே மாட்டார்களாம். காற்றில் ஒவ்வொரு ஓடமும் மூக்கை அலைக்குக் காட்டிக்கொண்டு தன்போக்கில் ஏறி இறங்க வேண்டும், உள்ளே வருகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதானாம். கட்டிவிட்டால் ஒன்று ஏறும்போது மற்றது பிடித்து இழுக்கும். ஏற வேண்டியது ஏறாமல் அலை மேலே வந்து விழும். அப்படியேதான் நடந்தது. ஏழாவதோ எட்டாவதோ அலையில் கயிறு விறைத்து அவன் ஓடத்தைப் பக்கவாட்டில் இழுத்தது. அது குப்புறக் கவிழ்ந்தது. நீ உன் சிநேகிதர்களோடு போகிறபோது இதை மறக்காதே. இதற்காகவாவது இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வை.

ஆறுமுகம் மேலே வந்தான். கவிழ்ந்த ஓடத்தைப் பிடித்தான், அது வழுக்கியது. கயிற்றைப் பிடித்தான். தண்ணீர் நிறைந்த ஓடமும் அவன் பாரமும் சேர்ந்து எங்கள் ஓடத்தின் பின்பக்கத்தைக் கீழே இழுத்தது. என் இடுப்புக்குத் தண்ணீர் வந்துவிட்டது. முன்னால் கனகசபை பால் டின்னால் இறைத்துக்கொண்டே, "முருகா, தாழப் போறம், தாழப் போறம்" என்று அழுகிறார். ஆறுமுகம் கயிற்றைப் பிடித்துக் கை மாற்றிக் கை மாற்றி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். இதைத்தான் நான் இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அவன் வந்துகொண்டிருந்தான். அந்த இடது கை முன்னால் வந்து கயிற்றைப் பற்றுவதைப் பார்த்தேன். இன்னும் நாலு பாகம், நாலு ஆள் நீளம் இருக்கும். வந்திருப்பான். வந்து எங்கள் ஓடத்தைப் பிடித்திருந்தால் மூன்று பேரும் முழுகியிருப்போமா, மூன்று பேரும் பிழைத்திருப்போமா, எனக்குத் தெரியாது. அதைப் பார்க்கிற அளவுக்கு நான் காத்திருக்கவில்லை. இரை வெட்டுகிற கத்தி என் காலடியில் கிடந்தது. எடுத்து அறுத்தேன்.

ஒரே வெட்டில் போகவில்லை. மூன்று தடவை அறுக்க வேண்டியிருந்தது. முதல் தடவையிலேயே அவன் பார்த்துவிட்டான். திட்டவில்லை, கத்தவில்லை. நான் ஏதோ தப்பான கயிற்றை அறுக்கிறேன், இப்போது தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவேன் என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு அலை நடுவில் வந்தது. அலை போன பிறகு ஓடம் மட்டும் தூரத்தில் தெரிந்தது.

காற்று நின்ற பிறகு சதுப்பு மரங்களுக்குள் ஒதுங்கினோம். கனகசபை இன்னும் டின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தார். கரை தெரிந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே, "நான் ஒண்டும் காணேல்லை. நான் தண்ணி இறைச்சுக்கொண்டு இருந்தனான். நீங்களும் ஒண்டும் சொல்லாதேங்கோ, அந்தப் பிள்ளையைப் பாருங்கோ" என்றார். நல்ல மனிதர். ஆறே மாதத்தில் மாற்றல் கேட்டுத் தைப்பிங்குக்குப் போய்விட்டார். என்னோடு ஒரே ஸ்டேஷனில் இருக்க அவருக்கு முடியவில்லை. நான் குறை சொல்லவில்லை. எனக்கே என்னோடு இருக்க முடியவில்லை, ஆனால் நான் எங்கே மாற்றல் கேட்பேன்?

மூன்று நாள் தேடினோம். உடம்பு கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என் ஈர வேட்டியையும் கூடையையும் வாங்கி வைத்தாள். கூடையில் மிச்சக் கயிறு இருந்தது. காயப் போடுவதற்காக எடுத்தவள் அதன் நுனியைப் பார்த்தாள். பிய்ந்த கயிற்றுக்கும் வெட்டின கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்?  கொண்டுபோய் அடுப்பில் செருகினாள். ஈரக் கயிறு எரியுமா? புகைந்துகொண்டே கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே சோறு வடித்தாள். நீ அவள் இடுப்பில் இருந்தாய், சளி பிடித்த மூக்கோடு. சாகும்வரை அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்காக அவள் மேல் கோபப்படாதே. கேட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு என்னை விட்டுப் போக வேண்டியிருக்கும், அவளுக்குப் போக இடமில்லை.

ஊரில் என்னைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடினார்கள். சிநேகிதனுடைய பிள்ளையைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டான், இந்தக் காலத்தில் யார் செய்வார் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்றார்கள். மீன் சாப்பிடுவதைக்கூட நான் விடவில்லை. விட்டிருந்தால் ஏன் என்று யாராவது கேட்டிருப்பார்கள். நீ பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்களோடு கிள்ளான் ஆற்றில் ஓடத்தில் ஏறினாயே, நினைவிருக்கிறதா? பெல்ட்டால் அடித்தேன். உன் அம்மா வந்து கையைப் பிடிக்கிறவரை அடித்தேன். பாடம் படிக்காமல் சுற்றியதற்காக என்று நினைத்திருப்பாய். அன்றைக்கு நீ ஓடத்தில் உட்கார்ந்து இடது கையால் கரையைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய், தம்பி. நான் அடித்தது உன்னை இல்லை. அது உனக்கு எப்படித் தெரியும், உன் முதுகுதானே வீங்கியது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதையாவது அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்று இத்தனை நாள் கூப்பிட்டுவிட்டாய், ஒன்று சொல்கிறேன். தப்பு செய்தால் அன்றைக்கே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு. சண்டை போடுவாள், அழுவாள், இரண்டு நாள் பேச மாட்டாள். போகட்டும். நானும் உன் அம்மாவும் சண்டையே போட்டதில்லை. பார்க்கிறவர்கள் எவ்வளவு ஒற்றுமை என்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கயிறு கிடந்தது, அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

இதோடு முடித்துவிடலாம் என்று நேற்று பேனாவை வைத்துவிட்டேன். இன்று மறுபடியும் எடுக்கிறேன். கயிற்றை அறுத்ததைச் சொன்னால் நீ ஒருவேளை மன்னித்துவிடுவாய். உயிர்ப் பயம், யாராக இருந்தாலும் செய்திருப்பான் என்று நீயே எனக்குச் சமாதானம் எழுதினாலும் எழுதுவாய், உன் சுபாவம் அது. அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொண்டால் இன்னொரு தடவை திருடினவன் ஆவேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். நீ என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது நீயாகவே கூப்பிட்டாய். அந்த மாதமே போர்ட்டிலிருந்து ஒரு போர்ட்டர் வந்து சொன்னான்: சுமத்ராவில் பாகான் பக்கத்துச் சீனர்களின் தொங்காங், பெரிய பாய்மரப் படகு ஒன்று வந்து நிற்கிறது. போன வருஷக் காற்றில் கடலில் மிதந்த ஒரு தமிழனை ஏற்றிக்கொண்டுபோய் எதிர்க்கரையில் ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், விட்டார்களாம். ஆள் சுகமில்லாமல், பேச்சுச் சரியில்லாமல் அங்கேயே கிடக்கிறானாம். உன் அம்மா அப்போதே அடுப்பை அணைத்துவிட்டாள். "போய்க் கேட்டுட்டு வாங்க. இப்பவே போங்க" என்றாள்.

போனேன். போர்ட்டில் இறங்கினேன். தொங்காங் கண்ணெதிரே நங்கூரம் போட்டு நின்றது. சம்பான் என்கிற சின்னப் படகு ஓட்டுகிற ஒருவன் வந்து, வருகிறாயா என்று கேட்டான். போகவும் கூட வேண்டாம், கரைக்குச் சாமான் வாங்க வந்த அந்தச் சீனர்கள் எனக்கு முன்னால்தான் நடந்து போனார்கள். அந்த ஆளுக்கு இடது கைப் பழக்கமா என்று ஒரே ஒரு கேள்வி. மலாயில் எப்படிக் கேட்பது என்று ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்திருந்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் திரும்பி வந்தால் நான் செய்தது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன், அது ஒரு பக்கம். அதைவிட, அவன் வந்தால் நீ போய்விடுவாய். அதுதான் பெரிதாக இருந்தது. பிற்பகலில் தண்ணீர் ஏறியதும் தொங்காங் பாயை விரித்துக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாயங்கால ரயிலில் வந்தேன். உன் அம்மா வாசலில் நின்றாள். "யாராம்?" என்றாள். "வேற யாரோ தோட்டத்து ஆளு" என்றேன்.

வேறு யாராகவோதான் இருந்திருப்பான். இத்தனை வருஷம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாது, முத்தையா.

கல்யாணப் பத்திரிகையை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். என் பெயரைப் போடாதே. ஆறுமுகத்தின் பெயரைப் போடு, அவன் பிள்ளை நீ. ஆனால் அச்சுக்காரர் கேட்பார், பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று. அதற்கு நீ என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே நாளில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.